கணவாயை எட்டு மணிக்குள் கடக்க வேண்டும்

ஜூன் மாதத்தில் கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலையில் நெடுந்தூரம் நடப்பவர்கள் அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்துவிடுகிறார்கள். விடிய இன்னும் மூன்றரை மணி நேரம் இருக்கும். முந்தைய நாள் நனைந்த ஷூ விறைத்துக் கட்டைபோல் கிடக்கும். தண்ணீர்ப் புட்டியில் ஐஸ் கட்டியிருக்கும். நெற்றிவிளக்கை மாட்டிக்கொண்டு அந்த நேரத்தில் கிளம்பினால் காலை எட்டு மணிக்குள் கணவாயின் உச்சியை எட்டிவிடலாம். நன்றாகத் தூங்கி எழுந்து எட்டு மணிக்குக் கிளம்புகிறவர் அதே தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் திண்டாடுவார். மலையேற்றக் கதைகளில் இந்த அதிகாலை எழுச்சியை மன உறுதி என்று புகழ்வார்கள். எனக்கென்னவோ இதில் மன உறுதிக்குக் கொஞ்சம்தான் வேலை, மற்றதெல்லாம் வெப்ப இயற்பியல் என்றே தோன்றுகிறது.

இவர்கள் நடக்கும் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில், மெக்சிகோ எல்லையிலுள்ள கேம்போ என்ற சிற்றூரில் தொடங்குகிறது. கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் மலைமுகடுகள் வழியாகக் கனடா எல்லைவரை சுமார் 4,265 கி.மீ. போகிறது. 1968இல் அமெரிக்க அரசு இதைத் தேசிய நடைப்பாதையாக அறிவித்தது. ஏப்ரலில் தெற்கிலிருந்து புறப்படுகிறவர் முதல் 1,100 கி.மீ. தூரத்தைப் பெரும்பாலும் வறண்ட நிலத்தில் கடந்து, கென்னடி மெடோஸ் என்ற இடத்துக்கு ஜூன் வாக்கில் வந்து சேர்வார். அதற்கு அப்பால் உயர் சியெரா. பாதையிலேயே மிக உயரமான ஃபாரெஸ்டர் கணவாய் 4,009 மீட்டர். அதைத் தாண்டினால் கிளென், பிஞ்சோ, மாதர், மியூர், செல்டன் என்று கணவாய்கள் வரிசை கட்டி நிற்கின்றன. நாளுக்கு ஒரு கணவாய் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. எப்போது இந்தப் பகுதிக்குள் நுழையலாம் என்பதற்கு ஒரு பழைய விதியும் உண்டு: ஜூன் 15. ரே ஜார்டைன் என்ற நடைப்பயண எழுத்தாளரின் பெயரால் அதை ‘ரே நாள்’ என்கிறார்கள். சராசரி ஆண்டில் அதற்குள் பனி போதுமான அளவு கரைந்திருக்கும் என்பது கணிப்பு.

2023 சராசரி ஆண்டாக இருக்கவில்லை. பசிபிக்கில் லா நினா நிலவிய குளிர்காலம் அது. அதனால் தெற்குக் கலிஃபோர்னியாவில் மழை குறையும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. டிசம்பர் கடைசியில் தொடங்கி மூன்று வாரங்களில் ஒன்பது ‘வளிமண்டல ஆறுகள்’ அடுத்தடுத்து வந்து மோதின. கடலிலிருந்து நீராவியைச் சுமந்து வரும் இந்த நீண்ட ஈரக்காற்றுப் பட்டைகள் சியெராவின் மேற்குச் சரிவில் முட்டி மேலேறிக் குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கின. பிப்ரவரி, மார்ச்சில் வந்த புயல்களோ கடுங்குளிரானவை. மழையாக விழ வேண்டியதும் பனியாக விழுந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் மாநில நீர்வளத் துறை அளந்தபோது பனியிருப்பு அந்தத் தேதிக்குரிய சராசரியில் 237 சதவீதம். நெடுநடைக்காரர்களின் கணவாய்கள் இருக்கும் தெற்கு சியெராவில் 300 சதவீதம். 1952, 1969, 1983 ஆகிய ஆண்டுகளை மட்டுமே இதற்குப் பக்கத்தில் வைத்துப் பேச முடியும். இதே மலையில் 2015 ஏப்ரலில் இருந்தது வெறும் 5 சதவீதம். அன்று மாநில ஆளுநர் பனியளக்கும் இடத்தில் புல்தரையில் நின்று பேசினார்.

இந்தச் சதவீதங்கள் எதை அளக்கின்றன? உயரத்தை அல்ல, எடையை. புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. நாளாக ஆக அது அமுங்கி இறுகும். அதனால் ‘இத்தனை அடி பனி’ என்பது பெரிதாக எதையும் சொல்லாது. உருக்கினால் எத்தனை அடி தண்ணீர் என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர், சற்று வேடிக்கையாக, ஒரு லத்தீன் பேராசிரியர். நெவாடா பல்கலைக்கழகத்தில் செவ்வியல் மொழிகள் கற்பித்த ஜேம்ஸ் சர்ச், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோஸ் மலையில் ஏறி, பல்வைத்த விளிம்புள்ள ஒரு குழாயைப் பனிக்குள் தரைவரை திருகி இறக்கி, உள்ளே வந்த பனியைக் குழாயோடு சேர்த்து எடைபோட்டார். தஹோ ஏரியின் நீர்மட்டம் பற்றிய தகராறுகளுக்கு அந்த எடை விடை சொன்னது. இன்றும் கையால் அளக்கும் முறை ஏறக்குறைய அதேதான். 2023 ஏப்ரல் 3 அன்று பிலிப்ஸ் ஸ்டேஷன் என்ற இடத்தில் பனியின் உயரம் 321 செ.மீ., அதிலிருந்த தண்ணீர் 137 செ.மீ. ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 1,370 கிலோ.

இவ்வளவையும் உருக்க எத்தனை நாள் ஆகும் என்று நாமே ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் தேவை. அதே தண்ணீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கும் ஆற்றல் அது. மேகமில்லாத ஜூன் நாளில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 30 மெகாஜூல் சூரிய ஆற்றல் விழுகிறது. பழைய பனிகூட அதில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். மிஞ்சும் 12 மெகாஜூல், நாளுக்கு மூன்றரை செ.மீ. தண்ணீரைத்தான் விடுவிக்க முடியும். 137 செ.மீ.க்கு நாற்பது நாள் ஆயிற்று. இரவில் இழக்கும் வெப்பத்தையும், முழு வேகத்தில் உருக ஆரம்பிக்கும்வரை கழியும் வாரங்களையும் சேர்த்தால் ஜூன் போய்விடும். பிலிப்ஸ் ஸ்டேஷனின் உயரம் இரண்டாயிரம் மீட்டர் சொச்சம். கணவாய்களில் பெரும்பாலானவை அதற்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேலே குளிரில் இருக்கின்றன. யோசெமிட்டி பூங்காவின் டியோகா சாலையை அந்த ஆண்டு ஜூலை 22 அன்றுதான் திறக்க முடிந்தது, அதுவும் பனியகற்றும் இயந்திரங்களை வைத்து. மாமத் மலையில் ஆகஸ்ட் 6 வரை பனிச்சறுக்கு நடந்தது.

இப்போது அந்த இரண்டு மணி அலாரத்துக்கு வருவோம். வெயில்காலத்து மலைப்பனி பகலில் முழுக்க ஈரமாகிவிடும். மேற்பரப்பு முதல் அடிவரை பூஜ்ஜிய டிகிரி. குறுணைகளைச் சுற்றித் தண்ணீர்ப் படலம் இருப்பதால் அவற்றுக்கிடையே பிடிப்பில்லை. இரவில் காற்றின் வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரிக்குக் கீழே இறங்காத நாள்களிலும் பனியின் மேற்பரப்பு உறைந்து கெட்டியாவதை நடைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். காற்றே உறையாதபோது பனி எப்படி உறைகிறது? எல்லாப் பொருள்களும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியே விடுகின்றன. கண்ணுக்கு வெள்ளை வெளேரென்று தெரியும் பனி, அகச்சிவப்பில் ஏறக்குறைய முழுக் கறுப்பு. பகலில் வாங்க மறுக்கும் அதே பனி, இரவில் தாராளமாக வெப்பத்தைக் கொடுக்கிறது. உயர் சியெராவின் காற்று மெல்லியது, வறண்டது. மேகமில்லாத வானம் அந்த வெப்பத்தில் மிகக் கொஞ்சத்தையே திருப்பித் தருகிறது. மேற்பரப்பு காற்றைவிடக் குளிர்ந்துபோய், குறுணைகளுக்கிடையே இருந்த தண்ணீர் உறைந்து, எல்லாவற்றையும் ஒட்டி ஒரு பொருக்காக்கிவிடுகிறது. மேகம் மூடிய இரவில் இது நடக்காது. மேகம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் நடைக்காரர் இரவில் கூடாரத்திலிருந்து தலையை நீட்டி நட்சத்திரங்கள் தெரிகின்றனவா என்று பார்ப்பதில் அழகுணர்ச்சிக்கு அவ்வளவு இடமில்லை.

பொருக்கு தாங்கும்வரை பனிமேல் நடப்பது பாதையில் நடப்பதைவிடச் சுலபம் என்றுகூடச் சொல்லலாம். பாறைகள், புதர்கள், வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை எல்லாம் கீழே புதைந்திருக்க, நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம். வெயில் ஏறியதும் குறுணைகளின் பிணைப்பு கரையத் தொடங்கும். 75 கிலோ ஆள், முதுகில் 18 கிலோ மூட்டை. அடியெடுத்து வைக்கும்போது அத்தனையும் ஒரு ஷூவின் அடிப்பரப்பில், சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ அரைக் கிலோவாக இறங்குகிறது. ஈரப்பனி அதைத் தாங்காது. கால் முழங்காலுக்கோ தொடைக்கோ போய்விடும். இழுத்து எடுத்து அடுத்த காலை வைத்தால் அதுவும் போகும். பாதையின் பேச்சுவழக்கில் இதற்குப் ‘போஸ்ட்ஹோலிங்’ என்று பெயர். மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூடப் போக முடியாத நாள்கள் இப்படித்தான் உண்டாகின்றன. பாறைகளையும் மரங்களையும் ஒட்டிய பனி இன்னும் மோசம். வெயிலில் சூடான பாறை தன்னைச் சுற்றியுள்ள பனியை உள்ளிருந்தே உருக்கிக் குடைந்திருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. அதில் திடீரென்று இறங்கிய கால் பாறையில் மோதிக் கணைக்கால் கிழிபடுவது பனி மிகுந்த ஆண்டில் அன்றாடக் காயம்.

பனிக்காலணி மாட்டலாமே என்று தோன்றும். சமதளத்தில் அது எடையைப் பரப்பித் தாங்கும். செங்குத்தான, உறைந்த சரிவில் அகலமான அதுவே பிடிமானத்தைக் கெடுத்துவிடும். ஆகவே பெரும்பாலோர் எடுத்துப் போவது ஷூவில் மாட்டும் முள்சங்கிலியோ கிராம்பான்களோ, கையில் ஒரு பனிக்கோடரி. அதிகாலைப் பொருக்கின் ஆபத்து வேறு வகையானது. 35 டிகிரி சரிவில் வழுக்கி விழுந்தால் வழவழப்பான நைலான் உடைக்கும் உறைபனிக்கும் இடையே உராய்வு அநேகமாக இல்லை. பத்து மீட்டர் சறுக்குவதற்குள் வேகம் மணிக்கு 30 கி.மீ.யைத் தாண்டிவிடும். இதற்கு ஆகும் நேரம் இரண்டு விநாடி. குப்புறத் திரும்பிக் கோடரியின் அலகை மார்புக்கடியில் பனிக்குள் அழுத்தி நிறுத்துவதானால் அந்த இரண்டு விநாடிக்குள் செய்தாக வேண்டும். யோசிக்க நேரமில்லாததால் ஆபத்தில்லாத ஒரு சரிவில் முன்பே பலமுறை விழுந்து பழகிக்கொள்கிறார்கள். கோடரியை மூட்டையில் கட்டிவைத்துக்கொண்டு நடப்பவர்களும் இருக்கிறார்கள். அது வெறும் சுமை.

ஃபாரெஸ்டரில் இந்த நேரக்கணக்கு மிகக் கறாரானது. தெற்கு முகம் கருங்கல்லைக் குடைந்து அமைத்த வளைபாதைகளால் ஆனது. உச்சிக்குச் சற்றுக் கீழே பனி மூடிய ஒடுக்கமான ஒரு சரிவைக் குறுக்காகக் கடக்க வேண்டும். தூரம் சில பத்து அடிகள்தான். கீழே பார்த்தால் தலை சுற்றும். முன்னால் போனவர்கள் மிதித்த தடம் இருந்தால், அதிகாலையில் அது உறைந்த படிக்கட்டு. நேரம் கழித்துப் போனால் அந்தப் படிகள் காலடியிலேயே கரையும். வடக்கே போகிறவருக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. வெயில் படும் தெற்குமுகத்தில் ஏறி, நிழலில் பனி தேங்கிய வடக்குமுகத்தில் இறங்குகிறார். எல்லாக் கணவாயிலும் இதே கதைதான். ஏறும்போது கொஞ்சம் பாறை கண்ணில் படும். இறங்கும் பக்கம் கண்ணெட்டிய தூரம் வெள்ளை. மியூர் கணவாயில் இரண்டு பக்கமும் மைல்கணக்கில் பனி. உச்சியில் 1930இல் கட்டிய கல் குடில் ஒன்று மட்டும் மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும்.

ஜூன் பாதி ஆனதும் பனியின் தோற்றமே மாறிவிடும். பரப்பு முழுவதும் குழிகுழியாக, பணியாரக்கல்லைக் கிலோமீட்டர் கணக்கில் நீட்டியதுபோல் ஆகிவிடும். இதைச் சூரியக் கிண்ணங்கள் என்கிறார்கள். தற்செயலாக ஏற்பட்ட சின்னப் பள்ளம் தன் சுவர்களில் பட்டுச் சிதறும் ஒளியையும் சேர்த்து வாங்குகிறது, எனவே மேட்டைவிட வேகமாக உருகி இன்னும் ஆழமாகிறது. மேட்டில் காற்று பட்டு ஆவியாதல் நடப்பதால் அது குளிர்ந்தே இருக்கிறது. ஆண்டிஸ் மலையின் வறண்ட உயரங்களில் இதே வினை ஆளுயரப் பனிக்கத்திகளைச் செதுக்கும். 1835இல் டார்வின் அவற்றைப் பார்த்து எழுதினார். சியெராவில் குழிகள் அரை மீட்டர் ஆழத்தோடு நின்றுவிடும். கணுக்காலை முறிக்க அது போதும்.

அந்தக் குழிகளில் சில ரோஜா நிறத்தில் இருக்கும். பனியில் வாழும் ஒரு பாசியினம் தன் பச்சையத்தைக் கடும் வெயிலிலிருந்து காக்க அஸ்டாஜான்தின் என்ற செந்நிறப் பொருளைச் சுமக்கிறது. இறாலுக்கும் சால்மன் மீனுக்கும் நிறம் தருவதும் அதே பொருள்தான். தர்ப்பூசணி வாசனை வரும் என்று நடைக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். சிவந்த பனி வெள்ளைப் பனியைவிட அதிக ஒளியை உறிஞ்சி வேகமாக உருகும். உருகும் தண்ணீரில்தான் பாசி பெருகும். தோதான ஏற்பாடு. வெயிலைப் பற்றி இன்னொன்று: பனி புற ஊதாக் கதிர்களையும் மேல்நோக்கித் திருப்பி அனுப்புவதால் மூக்குத் துவாரத்தின் உள்விளிம்பும், மூச்சு வாங்க வாய் திறந்து ஏறுபவரின் மேலண்ணமும்கூட வெந்துபோகும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தால் அன்றிரவு கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும்.

இதுவரை சொன்னதில் உயிருக்கு உடனடி ஆபத்து அந்த வழுக்கல் ஒன்றுதான். பனியாண்டில் நடைக்காரர்கள் உண்மையில் பயப்படுவது பனியைவிட அது உருகி ஓடும் தண்ணீருக்கு. 2017உம் சராசரியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பனி பெய்த ஆண்டு. அந்தக் கோடையில் இந்தப் பாதையில் தனியே நடந்த இரண்டு பெண்கள் சியெராவின் இருவேறு ஓடைகளில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள்.

ஓடைகளுக்கும் தினசரிக் கால அட்டவணை உண்டு. பனி மிக வேகமாக உருகுவது நண்பகலை ஒட்டி. அந்தத் தண்ணீர் பனிப்படலத்தின் ஊடாகச் சொட்டி இறங்கி, மண்ணைத் தாண்டி, ஓடையை வந்தடையச் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவே சிற்றோடைகள் மாலையில் பெருகும், பெரிய ஆறுகள் இன்னும் தாமதமாக. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் மெர்சிட் ஆறு உருகுகாலத்தில் நள்ளிரவு வாக்கில்தான் உச்சத்தைத் தொடும். ஓடை மெலிந்திருப்பது விடியற்காலையில்.

சிக்கல் இங்கேதான். கணவாயையும் விடியலில் கடக்க வேண்டும், ஓடையையும் விடியலில் கடக்க வேண்டும். ஓடைகளோ கணவாய்களுக்கு நடுவே பள்ளத்தாக்குகளின் அடியில் ஓடுகின்றன. காலை எட்டு மணிக்குக் கணவாயில் நிற்பவர் இளகிய பனியில் புதைந்து புதைந்து இறங்கி, ஓடையைச் சேரும்போது மதியம் மூன்று நான்கு ஆகியிருக்கும். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரம். கரையிலேயே கூடாரம் போட்டுக் காலையில் கடந்தால், அடுத்த கணவாயின் அடிவாரத்தை அடைவதற்குள் பனி இளகிவிடும். அங்கே மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். நாளுக்கு ஒரு கணவாய் என்ற கணக்கு இரண்டு நாளுக்கு ஒன்றாகும். ஆறு நாளுக்கென்று கட்டிய சாப்பாடு பத்து நாளுக்கு வர வேண்டும். சாப்பாட்டைக் கூட்டினால் மூட்டை கனக்கும், கனத்த மூட்டை பனியில் இன்னும் ஆழமாக இறக்கும். இங்கே அவசரப்படுகிறவர்கள்தான் மாலை ஐந்து மணிக்கு ஓடையில் இறங்குகிறார்கள்.

முழங்காலுக்குச் சற்று மேலே ஓடும் தண்ணீர் என்ன செய்துவிடும்? ஓடும் நீரின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் தொடையளவு நீர் இரண்டு கால்களின்மீது ஏறக்குறைய 9 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். வேகம் இரண்டு மீட்டர் ஆனால் 35 கிலோ. அதே சமயம் மிதப்புவிசை உடலின் எடையைக் குறைத்துக் காலின் பிடியைத் தளர்த்தும். தண்ணீர் சற்றுமுன்வரை பனியாக இருந்தது, எனவே இரண்டு நிமிடத்தில் பாதம் மரத்து எந்தக் கல்மேல் நிற்கிறோம் என்பதே தெரியாது. அனுபவசாலிகள் இறங்குவதற்கு முன் நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் போய்ப் பார்க்கிறார்கள். விழுந்தால் எங்கே போய்ச் சேருவோம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். குறுக்கே மரம் விழுந்து கிடந்தால் அங்கே இறங்குவதில்லை. தண்ணீர் அதன் கிளைகளுக்கிடையே போய்விடும், ஆள் போக முடியாது. இடுப்புப்பட்டையைத் தளர்த்திவைத்தால் மூட்டையை உதறிவிட்டாவது நீந்தலாம்.

பாதை ஓடையைத் தொடும் இடத்தில்தான் கடக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எவல்யூஷன் ஓடையில் பெருநீர் நாள்களில் பலரும் பாதையைவிட்டு மேலே புல்வெளிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே ஓடை அகன்று, இடுப்பளவு ஆழமிருந்தாலும் அசமந்தமாகப் போகும். ஓடும் நீரின் அளவு ஒன்றே, குறுக்குப்பரப்பு கூடினால் வேகம் குறைந்தே ஆக வேண்டும். ஆழத்தைவிட வேகத்துக்குப் பயப்படு என்பதைப் புதிதாக வருபவர்கள் நம்புவதற்குச் சில ஓடைகள் ஆகும்.

விசித்திரம் என்னவென்றால், 2023இல் மே மாதமே நுழைந்த சிலருக்கு ஓடைகள் அவ்வளவு தொல்லை தரவில்லை. உருகல் முழு வேகம் எடுக்கவில்லை. பல ஓடைகள் பனிப்பாலங்களுக்கு அடியில் ஓடின, மேலே நடந்தே கடந்தார்கள். அதற்கு விலையாக ஆழ்பனியும் கடுங்குளிரும் பனிச்சரிவு அபாயமும். ஜூன் கடைசியில் அதே பாலங்கள் அடியில் அரிக்கப்பட்டு எப்போது இடியும் என்று சொல்ல முடியாத பொறிகள் ஆயின. கிங்ஸ் கேன்யன் பூங்கா எல்லையில் சான் வாக்கின் ஆற்றின் தென்கிளைமேல் இருந்த இரும்பு நடைபாலமே அந்தக் குளிர்காலத்தில் சேதமடைந்தது. அதே உருகுநீர் தெற்கு சியெராவின் மேற்குச் சரிவில் இறங்கி, விவசாயத்துக்காகப் பல பத்தாண்டுகளுக்கு முன் வற்றவைத்த துலாரி ஏரியை மறுபடியும் நிரப்பியது. பருத்தி வயல்கள் ஏரியாயின.

ஜூலை பாதிவரை காத்திருந்து நுழைந்தால் என்ன என்று கேட்கலாம். பாதையின் மறுமுனை அதற்கு இடம் கொடுக்காது. வாஷிங்டன் மாநிலத்தின் வடக்கு கேஸ்கேட் மலைகளில் செப்டம்பர் கடைசியிலிருந்தே புதுப்பனி விழலாம். சியெராவில் பழைய பனி கரையக் காத்திருப்பவர் கனடா எல்லையில் அடுத்த ஆண்டின் பனியிடம் மாட்டுவார். நடுவில் மூவாயிரம் கி.மீ. நடக்க வேண்டும். அதனால் 2023இல் பெரும்பாலானவர்கள் சியெராவைத் தாண்டி வடக்கே பஸ்ஸிலும் காரிலும் போய், அங்கிருந்து நடந்துவிட்டு, கோடைக் கடைசியில் திரும்பி வந்தார்கள். வடக்குக் கலிஃபோர்னியாவிலும் பனி காத்திருந்ததைச் சிலர் போன பிறகுதான் கண்டார்கள். மெக்சிகோவிலிருந்து கனடாவுக்கு ஒரே கோடாக நடந்தால்தான் நடை என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு இது தோல்வியாகப் பட்டிருக்கலாம். எனக்குப் புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது. ஜூனில் ஆளைப் புரட்டிய ஓடைகள் செப்டம்பரில் கல்லுக்குக் கல் தாவிக் கடக்கிற அளவுக்கு இளைத்துவிடும். ஃபாரெஸ்டரின் வளைபாதைகளும் வெளியே தெரியும். காலை எட்டு மணிவரை தூங்கலாம்.